எம்ப்ரஸா, ஸ்டார் வாயேஜரா? டெல்டாவிலிருந்து இரண்டு மூன்று இரவுக் கப்பல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை பக்கமிருந்து சொகுசுக் கப்பலில் இரண்டு மூன்று இரவு போய்வர நினைக்கிறவர்கள் சுற்றிச் சுற்றி இரண்டு கப்பல்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று, பருவத்தில் சென்னையிலிருந்து கிளம்பும் கார்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ். மற்றது, ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸின் ஸ்டார் வாயேஜர். அதற்குத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏற வேண்டும். இரண்டுமே புதுக் கப்பல் இல்லை. கேட்கிறவர்களின் முதல் தயக்கமும் அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டும் எவ்வளவு பழசு? முன்பு எங்கே ஓடின?

எம்ப்ரஸ் 1990இல் பிரான்சின் செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. அப்போது பெயர் நார்டிக் எம்ப்ரஸ், உரிமையாளர் ராயல் கரீபியன். மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நான்கு நாள் போய்வருவதற்கென்றே வடிவமைத்த கப்பல் இது. சில ஆண்டுகள் ஸ்பெயின் நிறுவனமான புல்மன்டூரிடம் இருந்துவிட்டு 2016இல் பழைய முதலாளியிடமே திரும்பியது. கொஞ்ச காலம் கியூபாவுக்கும் ஓடியது. கொரோனா சமயத்தில், 2020 டிசம்பரில் விற்றுவிட்டார்கள். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்தும், 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் பயணம் ஆரம்பித்தது.

ஸ்டார் வாயேஜர் 1997இல் இத்தாலியில் கட்டியது. முதல் பெயர் டான் பிரின்சஸ். 2017இல் ஆஸ்திரேலியாவில் பி அண்ட் ஓ நிறுவனத்தின் பசிபிக் எக்ஸ்ப்ளோரர் ஆனது. அந்த நிறுவனத்தின் கணக்கு 2025 மார்ச்சில் முடிந்ததும் ஆசியாவுக்கு வந்து மூன்றாவது பெயர் வாங்கிக்கொண்டது.

அளவில் வித்தியாசம் பெரிது. எம்ப்ரஸ் 48,563 டன், 211 மீட்டர் நீளம். ஸ்டார் வாயேஜர் 77,000 டன்னுக்கு மேல், 261 மீட்டர். இங்கே டன் என்பது எடை இல்லை, கப்பலுக்குள் இருக்கும் மொத்த இடத்தின் கணக்கு. அதனால் எங்கே கொஞ்சம் காலாற நடக்கலாம், எங்கே லிஃப்டுக்குக் கூட்டம் நிற்கும் என்பதை இந்த எண்ணை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

35 வயது தாண்டிய கப்பலில் குடும்பத்தோடு ஏறுவது பயமில்லையா?

நம் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் ரஜூலா கப்பலைப் பற்றிச் சொல்வார்கள். 1926இல் கட்டிய கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஊர்ச் சனங்களை ஏற்றி இறக்கிக்கொண்டு 1973 வரை ஓடியது. அதற்குப்பின் அந்த வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1966இல் கட்டியது. அது 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதமாகி, அத்தோடு அந்தச் சேவையே நின்றுபோனது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் பத்திரமாக ஓய்வு பெற்றது. இருபது வயதுகூட நிரம்பாத கப்பல் எரிந்தது. வயதை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சிதம்பரம் காலத்துக்கும் இன்றைக்கும் விதிகளில் நிறைய தூரம். பழைய பயணிகள் கப்பல்களிலும் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளரும் புகை உணரும் கருவியும் பொருத்தியாக வேண்டும் என்று 1992இல் சர்வதேச விதிகளைத் திருத்தி, கெடு வைத்து அமல்படுத்தினார்கள். பயணிகள் கப்பலுக்குப் பாதுகாப்புச் சான்றிதழை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐந்தாண்டில் இரண்டு முறையாவது தண்ணீரிலிருந்து வெளியே ஏற்றி அடிப்பகுதியைப் பார்ப்பார்கள். 2012இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு, ஆபத்துக்கால ஒத்திகையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய கையோடோ முடித்தாக வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். அந்த ஒத்திகையைச் சிலர் டீ குடித்துக்கொண்டே தட்டிக்கழிக்கிறார்கள். தயவுசெய்து போய் நில்லுங்கள். உங்கள் உயிர்காப்புப் படகு எந்தப் பக்கம், எந்தப் படிக்கட்டு என்று குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய கப்பலில் நிஜமாகவே படும் தொல்லைகள் வேறு: மெதுவான லிஃப்ட், கம்பளத்தில் லேசான ஈர வாசனை, ஏசி ஒருநாள் குளிர் ஒருநாள் வெக்கை, பக்கத்துக் கேபின் தண்ணீர்க் குழாய்ச் சத்தம். இரண்டு இரவுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

டெல்டாக்காரர்களுக்கு முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். கப்பலின் வயதைவிட இதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் என்பதால் எம்ப்ரஸ் மும்பையை விட்டு இந்தப் பக்கம் வருகிறது. ஆக, சென்னையில் அது நிற்பது ஏறத்தாழ ஜூன் முதல் ஆகஸ்ட், செப்டம்பர் வரை. நம் கதை என்ன? வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். குறுவைக்கு நாற்று, நடவு, உரம் என்று ஓடிக்கொண்டிருக்கும் நேரம். அந்தத் தேதியும் நிலையாக இல்லை: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. வயல் உள்ளவர் மூன்று மாதம் முன்னாலேயே ஜூலைக்கு டிக்கெட் போட்டுவைப்பது சூதாட்டம்தான். பள்ளிக்கூடமும் ஜூனில் திறந்துவிடும். சம்பளக்காரர்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் குறைவு. ஒரு வார இறுதியைப் பார்த்துக் கிளம்பிவிடலாம்.

விவசாயக் குடும்பத்துக்குக் கையில் காசும் நேரமும் சேர்ந்து இருப்பது சம்பா அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வங்கிக்கு வந்த பிறகு. அதாவது பிப்ரவரி, மார்ச். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தால் ஏப்ரல் கடைசி, மே. அந்த மாதங்களில் சென்னையில் எம்ப்ரஸ் இருக்காது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு கப்பல் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஒன்று கவனிக்கவும்: ஸ்டார் வாயேஜர் ஒரே துறைமுகத்தில் வருஷம் முழுக்க நிற்கும் கப்பல் இல்லை, ஆசியாவில் ஊர் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். நீங்கள் நினைத்த தேதியில் அது சிங்கப்பூரில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு விமான டிக்கெட் பக்கம் போங்கள்.

கடல் ஆட்டம் எதில் குறைவு?

ஸ்டார் வாயேஜரில். கப்பல் பெரிது என்பது ஒரு காரணம். போகும் இடம் பெரிய காரணம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்திரா நின்று அலையை மறைத்துவிடும். காவிரியில் பரிசல் போகிற மாதிரி நகரும் என்றுகூடச் சொல்லலாம்.

சென்னையிலிருந்து போகும்போது நிலைமை வழியைப் பொறுத்தது. ஜூன், ஜூலையில் வங்கக்கடல் அரபிக்கடல் அளவுக்கு மோசமில்லை. விசாகப்பட்டினம் போய்வந்தாலோ, கடலிலேயே சுற்றிவிட்டுத் திரும்பினாலோ பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இலங்கைப் பயணத்தில், திருகோணமலை அந்த மாதங்களில் அமைதியான பக்கம். அம்பாந்தோட்டை நேர்மாறு, தென்மேற்குக் காற்று நேராக வந்து அடிக்கும் கரை அது.

வயிறு புரட்டும் ஆள் என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியேதான் வரும்.

கப்பல் இருக்கும் இடத்துக்குப் போவதே பெரும்பாடு இல்லையா?

இரண்டு இரவுப் பயணத்தில் பாதி அலுப்பு இதில்தான் இருக்கிறது. சென்னை என்றால் தஞ்சாவூர், கும்பகோணம்காரர்களுக்கு உழவன், மன்னார்குடிக்காரர்களுக்கு மன்னை என்று இரவு ரயில்கள் இருக்கின்றன. விடியற்காலை எழும்பூரில் இறங்கிவிடலாம். வண்டி தாம்பரத்தோடு நிற்கிறதா என்று மட்டும் டிக்கெட்டில் பாருங்கள். துறைமுகம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கம். ஆனால் போர்டிங் மதியம்தான் இருக்கும். காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை பெட்டியும் பிள்ளைகளுமாக எங்கே உட்காருவது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்: சொந்தக்காரர் வீடு, இல்லையென்றால் எழும்பூர் பக்கம் ஒரு அறை. திரும்பும் நாளில் காலையிலேயே இறக்கிவிடுவார்கள். இரவு ரயில்வரை மறுபடி அதே கதை.

சிங்கப்பூர் வழி கேட்கும்போது மலைப்பாக இருக்கும், நடைமுறையில் சுலபம். தஞ்சையிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒரு மணி நேரச் சொச்சம், கும்பகோணத்திலிருந்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம், சுமார் நான்கு மணி நேரம். கப்பல் கிளம்பும் அன்றே போய் இறங்கும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது, காசும் திரும்பாது. முதல் நாளே போய் ஒரு இரவு லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். சிங்கப்பூரில் மரினா பே, ஹார்பர்ஃப்ரண்ட் என இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு டாக்சி ஏறுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்தே இலங்கைக்குக் கப்பல் இருக்கிறதே, அதில் போனால் என்ன?

தாராளமாகப் போகலாம், ஆனால் அது வேறு சமாச்சாரம். நாகை–காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி கப்பலோடு தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை கப்பலோடு மறுபடி ஓட ஆரம்பித்தது. நான்கு மணி நேரம்போல ஆகும். பஸ் மாதிரி உட்கார்ந்து போகிற கப்பல். தங்கும் அறை, நீச்சல் குளம் எதுவும் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள். யாழ்ப்பாணம், நல்லூர் பார்ப்பதுதான் ஆசை என்றால் இரண்டு சொகுசுக் கப்பலையும் மறந்துவிட்டு இதில் போவதே புத்திசாலித்தனம். சொகுசுக் கப்பலில் போனால் ஊரில் சில மணி நேரம்தான் நிற்க விடுவார்கள்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

எம்ப்ரஸ் இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே போய்வரும் பயணமென்றால் ஆதார் போன்ற அரசு அடையாள அட்டை போதும். இலங்கை சேர்ந்தால் பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான மின்னணு அனுமதியும் வேண்டும்.

சிங்கப்பூருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலாவதி பாக்கியுள்ள பாஸ்போர்ட், விசா, சிங்கப்பூர் வருகை அட்டை. இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கப்பல் ஏறினால் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வந்து இறங்கினால் மறுபடி நுழைகிறீர்கள். எனவே விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார்க்க வேண்டும், வருகை அட்டையையும் இரண்டாம் முறை நிரப்ப வேண்டும். வருகை அட்டைக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது அல்ல. கப்பல் தொடும் நாட்டின் விசா விதியையும் பார்க்கவும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு தந்துவருகிறது. உங்கள் பயணத் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைதான் மொத்தச் செலவா?

இல்லவே இல்லை. அந்த விலை, இருவர் தங்கும், ஜன்னல் இல்லாத உள்ளறையில் ஒரு ஆளுக்கானது. அதன்மேல் துறைமுகக் கட்டணம், வரி, நாளொன்றுக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் எல்லாம் ஏறும். தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு பேர் காசைக் கட்ட வேண்டிவரும். ஒரே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவாகப் போடுவார்கள். அந்த ஆளுக்குக் கிடைப்பது சுவரிலிருந்து இறக்கும் மேல்படுக்கை என்பதையும் நினைவில் வைக்கவும். ஆச்சியை அதில் ஏற்ற முடியாது.

கப்பலுக்குள் மதுபானம், வைஃபை, சில உணவகங்கள், ஸ்பா எல்லாம் தனிக் காசு. பொதுச் சாப்பாட்டுக்கூடம், நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் பெரும்பாலும் டிக்கெட்டிலேயே சேர்ந்தவை. போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் செல்போன் கோபுரத்தில் தானாக இணைந்துவிட்டால், ஊர் திரும்பியதும் வரும் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

வெளிநாட்டுப் பேக்கேஜாக வாங்கினால் டிராவல்ஸ்காரர் டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார். அது செலவு அல்ல, உங்கள் வருமான வரிக் கணக்கில் நிற்கும் பணம்; கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம். ரசீது வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

சரி, நீங்களாக இருந்தால் எதில் போவீர்கள்?

வீட்டில் யாருக்கும் பாஸ்போர்ட் இல்லை, கடல் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் எம்ப்ரஸ். குறுகிய பயணத்துக்கென்றே கட்டிய கப்பல் என்பதால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஒரே நாளில் கப்பல் முழுவதும் பழகிவிடும். அதிலும் இலங்கையைச் சேர்க்காமல், இரண்டு இரவோடு நிறுத்திக்கொள்வேன்.

பாஸ்போர்ட் இருக்கிறது, சிங்கப்பூரில் தங்கச்சி வீடோ சித்தப்பா வீடோ இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டார் வாயேஜர். நம் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டில் அப்படி ஆள் இருக்கிறது. எப்படியும் ஒருநாள் பார்க்கப் போகத்தான் போகிறீர்கள். அந்தப் பயணத்தோடு மூன்று இரவு கப்பலைச் சேர்த்துக்கொண்டால் விமானச் செலவைக் கப்பல் கணக்கில் எழுத வேண்டியதில்லை. கப்பலுக்காக மட்டும் சிங்கப்பூர் பறப்பது கட்டுப்படியாகாது.

கேபின் எதை எடுப்பது?

எம்ப்ரஸில் சாதாரணக் கேபின்கள் சிறியவை, சுமார் 120 சதுர அடிதான். பால்கனி உள்ளவை மிகக் குறைவு, விலையும் எட்டாது. ஜன்னல் உள்ளதை எடுங்கள், போதும். ஸ்டார் வாயேஜர் கட்டியபோதே பால்கனிகளை அள்ளிவைத்துக் கட்டிய வகைக் கப்பல் என்பதால் அதில் பால்கனி கேபின் கிடைக்க வாய்ப்பு அதிகம். உள்ளறை அதிலும் சின்னதுதான்.

சுத்த சைவம், பூண்டு வெங்காயம்கூட இல்லை. பட்டினி கிடக்க வேண்டுமா?

எம்ப்ரஸில் கவலையே வேண்டாம். பயணிகள் பெரும்பாலும் இந்தியர்கள் என்பதால் சைவமும் ஜைனச் சாப்பாடும் தாராளம். ஸ்டார் வாயேஜருக்கு டிக்கெட் போடும்போதே உணவு விருப்பத்தைக் குறித்துவிட்டு, ஏறிய முதல் வேளையில் சாப்பாட்டுக்கூட மேலாளரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். டிகிரி காபியை மட்டும் இரண்டிலும் எதிர்பார்க்காதீர்கள். காபிக்குக் கும்பகோணம்தான் திரும்ப வேண்டும்.

அப்பாவுக்கு முட்டிவலி, சக்கர நாற்காலி வேண்டும். கர்ப்பிணி, கைக்குழந்தை போகலாமா?

சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவுள்ள கேபின்கள் பழைய கப்பல்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். மற்ற கேபின்களில் குளியலறை வாசலில் ஒரு திண்டு ஏறி இறங்க வேண்டும். தேவை என்றால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று போனில் சொல்வதை நம்ப வேண்டாம். சில ஊர்களில் கப்பல் கரையைத் தொடாமல், சின்னப் படகில் மாறி இறங்க வேண்டிவரும். முட்டிவலிக்காரர்கள் அன்று கப்பலிலேயே இருந்துவிடுவது மேல்.

கர்ப்பம் 24 வாரம் தொட்டுவிட்டாலோ, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்றாலோ பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றாது.

எம்ப்ரஸுக்குப் பதில் வேறு கப்பல் வருகிறதாமே?

நார்வீஜியன் நிறுவனத்தின் ஸ்கை (1999), சன் (2001) என்ற இரண்டு கப்பல்களை 2026, 2027இல் கார்டெலியா வாடகைக்கு எடுக்கும் என்று 2025இல் அறிவிப்பு வந்தது. இரண்டும் எம்ப்ரஸைவிடப் பெரியவை. எனவே "கார்டெலியா டிக்கெட்" என்று பொதுவாக வாங்காமல், ரசீதில் எந்தக் கப்பலின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரிய கப்பல் வந்துவிட்டால் ஆட்டம், கேபின் பற்றி மேலே சொன்னதெல்லாம் மாறும். வயல் கணக்கு மட்டும் மாறாது.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது?

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மின்சார அடுப்பு எல்லாம் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தீப்பிடிக்கும் சாமான் என்பதுதான் காரணம். சர்ஜ் பாதுகாப்பு வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது. பழைய கேபின்களில் பிளக் பாயிண்ட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் நம் ஊர் மாதிரி இல்லாமல் போகலாம் என்பதால் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி ஆகியவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது கேபினுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும்.